வாசகர் கேள்வி – பதில்: சூனியக்காரியும் பருவகாலமும்

கேள்வி: 'விட்ச்' காதல் நாவல்களை இப்போதுதான் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். நாயகியின் சக்தி பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நடுநடுவே வாயில் நுழையாத பண்டிகைப் பெயர்கள். எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத்தாளில் வட்டம் போட்டு, பண்டிகைக்கு ஒன்றாக எட்டாகப் பிரியுங்கள். உச்சியில் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் 21, யூல். நேர் கீழே மிக நீண்ட பகல் வரும் ஜூன் 21, லிதா. இரு பக்கமும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச் 20 ஆஸ்டாரா, செப்டம்பர் 22 மேபன். இந்த நான்கும் ஒரு நாள் முன்னே பின்னே நகரும். இடையில் பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா, அக்டோபர் 31 சவின். எழுத்துக்கூட்டி 'சாம்ஹெய்ன்' என்று வாசிக்கிறீர்களே, அதுதான் இந்தச் சவின். ஐரிஷ் மொழியில் அந்த 'எம்ஹெச்' வகர ஒலி. தாளையே புத்தகக்குறியாக வைத்துக்கொண்டு, அத்தியாயம் மாறும்போது மாதத்தைக் குறித்துவந்தால் போதும்.

நம்மவர்களுக்கு ஒட்டாமல் போவது வேறு இடத்தில். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் ஜூனில் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் பகல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. மாலை நான்குக்கெல்லாம் இருட்டிவிடும். இதை மனதில் வைத்துப் படித்தால், பனிக்காலத்தில் நாயகி ஒடுங்குவதும் காதலனை விலக்குவதும் மிகையாகத் தெரியாது.

'ஆதிகாலச் சக்கரம்' என்று கதை சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். சவினும் பெல்டேனும் பழைய அயர்லாந்துப் பண்டிகைகள். எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களின் பிரிட்டன். மேபன் என்ற பெயர் 1970-களில் வைத்தது!

கேள்வி: கதையில் வரும் மூலிகைக் கஷாயங்களைச் செய்து பார்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அடிக்கடி வரும் ஃபாக்ஸ்குளோவ் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. அதே இலையைத்தான் 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மருந்தாக எழுதிவைத்தார். மருந்துக்கும் நஞ்சுக்கும் அளவில் இடைவெளி மிகக் குறைவு. முதல் வருடம் இந்தச் செடி பூக்காது, தரையோடு இலை மட்டும் விரியும். அப்போதுதான் காம்ஃப்ரி என்ற வேறொரு மூலிகை என்று நினைத்துப் பறித்துவிடுகிறார்கள். விரலால் தடவினால் ஃபாக்ஸ்குளோவ் இலை மெத்தென்றிருக்கும், ஓரத்தில் நுண்ணிய பற்கள். காம்ஃப்ரி சொரசொரக்கும், ஓரம் வழவழ. சரியாக அடையாளம் கண்டாலும் காம்ஃப்ரியைக் குடிக்கக் கூடாது, கல்லீரல் கெடும்.

கேள்வி: சேலத்தில், அமெரிக்காவின் சேலத்தில்தான், சூனியக்காரிகளை எரித்தார்களாமே?
– வாசகர், நம்ம சேலம்

பதில்: இல்லை. 1692-இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஆண்களும் அதில் உண்டு. நீதிமன்ற விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை மேலே கல் ஏற்றி நசுக்கினார்கள். எரித்தது ஐரோப்பாவில்.