கர்ப்ப காலத்தில் புது மேக்கப் போட்டுப் பார்க்கலாமா?

ஐந்து மாதம் ஆகியிருக்கும் ஒரு தோழி கேட்டிருக்கிறார்: "புதுசா ஒரு ஃபவுண்டேஷனும் லிப்ஸ்டிக்கும் வாங்கியிருக்கேன். குழந்தை பிறக்கிற வரைக்கும் முகத்துல எதுவும் போடாதேன்னு வீட்டுல சொல்றாங்க. போடலாமா? நீங்க எல்லாம் அந்த மாசங்கள்ல என்ன மாத்துனீங்க?"

போடலாம். என் மகளுக்கு இப்போது பதினோரு மாதம். அவள் வயிற்றில் இருந்தபோது, ஆரம்பக் குமட்டல் அடங்கிய பிறகு, மேக்கப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். ஆனால் எதை நிறுத்த வேண்டும் என்பதில் என் வீட்டாரும் நானும் சேர்ந்தே தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

நாள் தள்ளிப்போனது உறுதியான வாரமே எல்லோர் கண்ணும் என் உதட்டுக்குப் போய்விட்டது. அத்தை, சின்ன மாமியார், எதிர்வீட்டு அக்கா என்று ஆளாளுக்கு லிப்ஸ்டிக்கை விடச் சொன்னார்கள். நானும் விட்டேன். அதே சமயம், ராத்திரி படுக்கும் முன் தடவிக்கொள்ளும் கிரீமை ஒருவரும் கவனிக்கவில்லை. மேக்கப் போல வெளியே தெரிவதில்லையே! இரண்டு வருடமாகப் பருத் தழும்புக்காகத் தடவி வந்த ரெட்டினால் கிரீம் அது. ஏழாவது வாரம் ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் என்னென்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். மாத்திரை எதுவும் இல்லை, முகத்துக்கு ஒரு கிரீம் மட்டும்தான் என்று சொல்லி வைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னையோட நிறுத்திடுங்கம்மா. தோல் வழியா ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம்தான், அதனால பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆனா இந்த ஒம்பது மாசத்துக்கு அது வேண்டாம்" என்றார்.

தூக்கம் கெடத்தான் செய்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகு கொஞ்சம் தெளிந்தேன். ரெட்டினால் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் ஐசோட்ரெட்டினாயின் என்று கடும் பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தையின் காது, இதயம், மூளை உருவாவதிலேயே கோளாறு வரலாம். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். தடவும் கிரீமில் அந்த அளவு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரே குடும்பம் என்பதால் டாக்டர்கள் கிரீமையும் விலக்கச் சொல்கிறார்கள். பாட்டிலின் பின்னால் ட்ரெட்டினாயின், அடாப்பலீன், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினால்டிஹைடு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள். சில ஃபவுண்டேஷன்களிலும் சுருக்கத்தைக் குறைக்கும் என்று சொல்லி இதைச் சேர்க்கிறார்கள். ஆகவே நீங்கள் புதிதாக வாங்கியதையும் ஒருமுறை திருப்பிப் படித்துவிடுங்கள்.

பருவுக்கு அதற்குப் பதில் அசிலாயிக் ஆசிட் எழுதித் தந்தார். கர்ப்பத்தில் பயன்படுத்தலாம் என்று டாக்டர்கள் சொல்லும் மருந்து அது. பருவுக்கும் கருமைக்கும் இரண்டுக்குமே உதவும். இரண்டு சதவீத சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ்வாஷைத் தொடரலாம் என்றார். பார்லரில் அதே ஆசிடை வலுவாக வைத்து மேல்தோலை உரித்தெடுக்கும் 'பீல்' மட்டும் கூடாது என்றார்.

முதல் மூன்று மாதம் மேக்கப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. வாசனை எதுவும் ஆகவில்லை. கல்யாணத்திலிருந்து போட்டு வந்த காம்பாக்ட்டைத் திறந்தாலே குமட்டியது. மல்லிகைப்பூவைக்கூட ஃப்ரிட்ஜில் வைக்க விடவில்லை நான். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். 'அன்சென்டட்' என்று போட்டிருப்பதில், மற்ற பொருட்களின் நெடியை அமுக்க ஏதாவது வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருப்பதைத்தான் தேட வேண்டும்.

ஐந்தாம் மாதம் எனக்கு மங்கு வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் தனியாக அழ வேண்டாம் என்றுதான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். இரண்டு கன்ன எலும்பின் மேலும், மேலுதட்டிலும், டீக்கறை மாதிரி படிந்தது. எனக்கு வங்கியில் வேலை, நாள் முழுக்கக் கவுன்டரில் மனிதர்களின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். "என்னம்மா, ரத்தம் கம்மியா?" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பத்தில் கூடும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள் தோலின் நிறமிச் செல்களைத் தூண்டுகின்றன. மேலே வெயில் பட்டால் இன்னும் கறுக்கிறது. வயிற்றின் நடுவே ஓடும் கறுப்புக் கோடும் இதே காரணத்தால்தான். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கன்டோன்மென்ட்டுக்குக் காலை ஒன்பது மணி வெயிலில், காவிரிப் பாலத்தின் மேல் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தவள்.

அப்போது உறவில் ஒரு அக்கா ஒரு சின்ன டப்பா கொண்டுவந்து கொடுத்தார். பார்லரில் கலந்து தருகிறார்களாம், பத்தே நாளில் மங்கு போய்விடுமாம். பெயர் இல்லை, விலாசம் இல்லை, பேட்ச் எண் இல்லை. வெள்ளையாக, லேசாகக் குளிர்ந்து, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தடவிவிட மனம் துடித்தது. டாக்டரிடம் காட்டலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு போனதால்தான் தப்பித்தேன்.

இப்படிப்பட்ட டப்பாவில் மூன்று பொருட்களில் ஏதாவது ஒன்று இருக்கலாம். ஒன்று பாதரசம். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்குப் போடுபவை தவிர்த்த மற்ற பொருட்களில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் விலாசமே இல்லாத டப்பாவை யார் சோதிப்பது? 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய் வந்தது செய்திகளில் பரவலாக வந்தது. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகக்கூடியது. இரண்டாவது, ஹைட்ரோகுவினோன். மங்குக்கு மருந்துதான், ஆனால் தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போய்விடுவதால் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள். மூன்றாவது, ஸ்டீராய்டு. மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த டியூபை 'முகக் கிரீம்' என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு ஆணை வந்துவிட்டது. உங்கள் அம்மா வயதில் ஒருவர் அன்போடு வாங்கி வந்தாலும் அந்த டியூபை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, மங்கை என்னதான் செய்தேன்? இங்கேதான் நான் வாங்கிய புது மேக்கப் பொருள் எனக்குக் கை கொடுத்தது. மங்கு கறுக்க வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அதைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுக்கும் அயர்ன் ஆக்சைடுதான் தடுக்கும். ஆகவே நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்கச் சொன்னார் டாக்டர். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இவற்றில் ஒன்று, கூடவே அயர்ன் ஆக்சைடு. இந்தத் தாதுக்கள் தோலின் மேலேயே தங்கிவிடுகின்றன, ரத்தத்தில் கலப்பது அரிது. சில ரசாயன சன்ஸ்கிரீன்கள் அப்படியில்லை, அமெரிக்காவில் சோதித்தபோது ரத்தத்தில் தென்பட்டன.

சொல்வது சுலபம், நமக்குப் பொருந்தும் நிறம் கிடைப்பதுதான் பாடு. முதலில் வாங்கியது முகத்தில் விபூதி பூசிய மாதிரி சாம்பல் பூத்தது. இரண்டாவது இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மூன்றாவது முறை என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் தாடை ஓரமாக மூன்று கோடு இழுத்துக்கொண்டு, கடைக்கு வெளியே வந்து, தெரு வெளிச்சத்தில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எந்தக் கோடு தெரியல?" என்று கேட்டேன். நடுக்கோடு தெரியவில்லை என்றார். அதைத்தான் வாங்கினேன். மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள், கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. கடையில் எல்லோரும் தொட்ட டெஸ்டரை உதட்டிலோ கண்ணிலோ வைக்கவும் வேண்டாம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து, முகம் கழுத்து எல்லாம் பூச வேண்டும். பொட்டுப் பொட்டாக வைத்தால் பிரயோஜனம் இல்லை.

கவுன்டரில் உட்காரும் நாட்களில் மங்கின் மேல் மட்டும் ஆரஞ்சு நிறக் கரெக்டரை ஒரு துளி தட்டி, அதன் மேல் கறையை மறைக்கும் கன்சீலர் வைத்தேன். வெறும் கன்சீலரை வைத்தால் கருமை சாம்பலாக மேலே எட்டிப் பார்க்கும். ஆரஞ்சு அந்த நீலக் கருமையை அணைத்துவிடும். அதற்கு முன் நான் கரெக்டரைத் தொட்டதே இல்லை. அதைப் போட்ட முதல் நாள் யாரும் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பாலத்தில் வரும்போது எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்லி முடியாது.

எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டு போனேன். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். இரண்டைச் சேர்த்து ஆரம்பித்து அரித்தால் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய பொருள்தானே என்றும் நம்பிவிட முடியாது. நான்கு வருடமாக ஒத்துக்கொண்ட ஐலைனர் ஆறாம் மாதம் கண்ணை எரித்தது.

கண் மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதிப் பொருள் வேண்டாம் என்று வீட்டில் என் கடைக் காஜலை எடுத்து வைத்துக்கொண்டு, கோயில் வாசல் கடையில் விற்கும் டப்பா மையைக் கொடுத்தார்கள். இயற்கை என்றாலே பத்திரம் என்று நினைக்கிறோம். சுர்மா போன்ற பாரம்பரிய மைகள் சிலவற்றில் ஈயம் இருப்பது பல நாடுகளில் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஈயமும் குழந்தை வரைக்கும் போகும். விலாசமும் உரிம எண்ணும் அச்சிட்ட பென்சில் காஜலே எனக்குப் போதும் என்று அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

வளைகாப்பு ஏழாம் மாதம். மேக்கப் போட வந்த பெண்ணிடம் ஒரு வாரம் முன்பே ஃபவுண்டேஷன் சாம்பிள் வாங்கிக் கையில் தடவிப் பார்த்திருந்தேன். ஒட்டு இமை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். எனக்கு நிஜமான கவலை சந்தனமும் குங்குமமும்தான். வந்த சுமங்கலிகள் ஒவ்வொருவரும் கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள், குங்குமம் வைப்பார்கள். மங்கு இருக்கும் அதே இடம்! மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம் சேர்த்துச் செய்வதுதான் குங்குமம். இப்போது கடையில் கிடைக்கும் பலவற்றில் சாயம்தான் பாதி. சாயக் குங்குமம் அலர்ஜியாகி, பொட்டு வைத்த இடமே கறுத்துப்போனவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அம்மா மஞ்சள் குங்குமமாகப் பார்த்து வாங்கித் தட்டில் வைத்தார். நான் வந்தவர்களிடம், "அத்தை, கையில பூசுங்க, கன்னத்துல லேசா ஒரு விரல் வைங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் தங்களுக்கும் அந்தக் காலத்தில் மங்கு வந்ததைச் சொல்லி, இன்னும் மேலுதட்டில் மிச்சம் இருப்பதைக் காட்டினார்கள். சபை முடிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் துடைத்து எடுத்தேன்.

மருதாணி அரைத்துத்தான் வைத்தோம். கருமையாகப் பிடிக்கும் கோனில் பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் கலந்திருக்கலாம், கொப்பளம் போடும். மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. பிரசவத்துக்குப் போகும் முன் நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிக்கு அது இடைஞ்சல்; வலி எடுத்த பிறகு நர்ஸ் ரிமூவர் தேடுவதைப் பார்க்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.

லிப்ஸ்டிக்கையும் கேட்டிருந்தீர்கள். நான் ஆறாம் மாதம் மறுபடி ஆரம்பித்தேன். பெயர், விலாசம், பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ளதாகவும், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் உள்ளதாகவும் பார்த்து வாங்கினேன். சாப்பிடும் முன் துடைத்துவிடுவேன். நடைபாதையில் நூறு ரூபாய்க்கு மூன்று என்று விற்பது வேண்டவே வேண்டாம்.

மகள் பிறந்து ஐந்தாறு மாதத்தில் கன்னத்து மங்கு முக்கால்வாசி மங்கிவிட்டது. மேலுதட்டில் கொஞ்சம் இருக்கிறது. பால் கொடுப்பதால் பழைய இரவு கிரீமை இன்னும் திறக்கவில்லை. அவள் என் கன்னத்தை நக்கும் வயதில் இருப்பதால், வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் போட்டு, வந்ததும் கழுவிவிட்டுத்தான் தூக்குகிறேன்.

நீங்கள் வாங்கிய இரண்டையும், ராத்திரி தடவும் கிரீம், கண் மை, தலைக்குப் போடும் சாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் மேசையில் பரப்பி வைத்துக் கேளுங்கள், முடிந்தால் வீட்டில் வேண்டாம் என்று சொல்கிறவர்களையும் கூட அழைத்துப் போங்கள். நான் போனபோது ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மசக்கை, வளைகாப்புச் சந்தேகம் எது இருந்தாலும் கமென்ட்டில் கேளுங்கள், பாப்பா தூங்கும் நேரத்தில் பதில் எழுதுகிறேன்.