லோய் கிராதோங்: மிதவை ஏன் சாய்கிறது?

தாய்லாந்தின் லோய் கிராதோங் விழாவில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துத் தண்ணீரில் விடும் சிறு மிதவைதான் கிராதோங். சியாங் மாயில் பிங் ஆற்றில் விட்டதும் உங்களுடையது சாய்ந்து திரி அணைந்துவிட்டதா? அடுத்த முறை மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டி நட்டநடுவில் செருகுங்கள். அடியில் வைக்கும் வாழைமரத் துண்டை இரண்டு அங்குலக் கனத்துக்கு நறுக்குங்கள். கிராதோங் சாய்ந்ததற்குப் பெரும்பாலும் மேல்பாரம்தான் காரணம். வாழைமரத் துண்டு நன்றாகவே மிதக்கும். அதன்மேல் சாமந்தியை ஒரு பக்கமாகக் குவித்து, நெடிய மெழுகுவர்த்தியும் மூன்று ஊதுபத்தியும் நட்டால் அது என்ன செய்யும், பாவம்!

ஆற்றுக்குப் போகுமுன் வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சாயும் பக்கத்துப் பூக்களில் சிலவற்றை எதிர்ப்பக்கம் மாற்றினாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

தெர்மோகோல் நன்றாக மிதக்கும்தான், ஆனால் மக்காது, வாங்காதீர்கள். இலை மடிப்புக்குக் குண்டூசிக்குப் பதில் மூங்கில் குச்சி குத்துங்கள். குளத்தில் விடுவதானால் ரொட்டிக் கிராதோங்கும் வேண்டாம். மீன் தின்றது போக மிஞ்சியது ஊறித் தண்ணீரைக் கெடுக்கும்.