உள்ளே கேட்ட சிரிப்பு

ஐயா, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் அடுத்த ஆண்டு கட்டணம் உயரப் போவதாக வாயிற்காவலர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நிர்வாகக் குழு கூடிய அன்று நேரில் போனேன். "இது உள்கூட்டம், அம்மா" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் வாசலில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நல்ல முடிவு எடுக்க முடியுமா? இல்லை, நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. டர்பனில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக மூன்று ஆண்டு இருந்தேன். நாங்களும் கதவைச் சாத்தினோம். கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களின் விண்ணப்பங்களுக்காகச் சாத்தியதில் தவறில்லை. ஒருவருடைய சம்பளச் சீட்டை ஊர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கூரையைச் செப்பனிட வந்த மூன்று விலைப்புள்ளிகளையும் அதே கதவுக்குள் வைத்தே பேசினோம். அதில் என்ன இரகசியம்? எங்களில் இரண்டு பேருக்குக் கணக்கு புரியவில்லை. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த இருவரில் நானும் ஒருவன்.

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் பெற்றோர் வந்து அமரலாம் என்று சொல்லவில்லை. ஆகவே உங்களை வெளியே அனுப்பியதற்காக வழக்குக்குக் கிளம்பிவிடாதீர்கள். கட்டணம் வேறு விஷயம். பட்ஜெட்டைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். அதற்கு 30 நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும். வந்திருக்கும் பெற்றோரில் பெரும்பான்மையினர் ஆதரவாக வாக்களித்தால்தான் கட்டணத் தீர்மானம் நிறைவேறும். அன்று உள்ளே எதை முடிவு செய்திருந்தாலும், அதுவரை அது வெறும் யோசனைதான். இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது: ஒரு விஷயத்தில் சொந்த ஆதாயம் உள்ள உறுப்பினர், அதைப் பேசி முடிக்கும்வரை வெளியே போய்விட வேண்டும். நீங்கள் நின்ற அதே வாசலில் அவரும் நிற்க வேண்டும் என்று பொருள்.

மாநகராட்சி மன்றங்களுக்கு விதி இன்னும் கடுமை. அலுவல்களை வெளிப்படையாக நடத்த வேண்டும், பொருளின் தன்மையைப் பார்த்து நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே கூட்டத்தை மூடலாம் என்கிறது அரசியலமைப்பு. பட்ஜெட்டை விவாதிக்கும்போதும் வாக்கெடுக்கும்போதும் மக்களை வெளியேற்றக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் மாநகராட்சி அமைப்புகள் சட்டம் சொல்கிறது.

கதவுக்குள் நல்ல முடிவு பிறக்குமா என்ற கேள்வி நீதிபதிகள்வரை போயிருக்கிறது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆணையம் நேர்காணலை எல்லோர் முன்னும் நடத்தும். யாரை எடுப்பது என்பதை மட்டும் தனியே பேசும். 2012இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றப் பதவிகளுக்காக அப்படிப் பேசியதன் ஒலிப்பதிவை, அரசியலமைப்பு உரிமைகளுக்காக இயங்கும் ஹெலன் சுஸ்மான் அறக்கட்டளை கேட்டது. வெளியே வரும் என்றால் எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று ஆணையம் வாதாடியது. 2018 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம், பதிவைக் கொடுங்கள் என்றது. ஆணையத்தின் அச்சத்தை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். ஒலிப்பதிவு ஓடினால் பேச்சு சுருங்கத்தான் செய்யும். எங்கள் கூரைப் பேச்சு சுருங்கியிருந்தால் பள்ளிக்கு ஒரு நட்டமும் இல்லை.

உங்கள் சந்தேகம் வீண் அல்ல. கதவு மூடியிருந்ததைவிட, மூடியதற்கு ஒரு காரணமும் சொல்லாததே எனக்கு உறுத்துகிறது. "உள்கூட்டம்" என்பது காரணம் ஆகாது. எந்தப் பொருளுக்காக மூடினீர்கள், கட்டணம் பற்றிய பொதுக்கூட்டம் என்றைக்கு என்று குழுத் தலைவருக்கு எழுதிக் கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

அதற்கு முன் மகளின் புத்தகப் பையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பொதுக்கூட்ட அறிவிப்பு அடியில் கசங்கிக் கிடக்கலாம். என் மகன் பையில் அப்படித்தான் ஒன்று கிடந்தது. அந்த அறிவிப்பை எழுதியவனே நான்தான்.