பாசம், மைத்திரி, அறுந்த வலை: நீங்கள் கேட்டவை

தங்கச்சிமடத்தில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடிப் பௌத்த நூல்களைப் படித்து வருகிறோம். அன்பு (பௌத்தத்தில் மைத்திரி என்பார்கள்), கருணை பற்றி உங்கள் வீட்டிலும் தொழிலிலும் எழுகிற கேள்விகளை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், மாமியார் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. துடைத்துவிடுவதெல்லாம் நான்தான். மாத்திரையைத் துப்பிவிடுகிறார். வருகிறவர்களிடம் நான் சோறே போடுவதில்லை என்கிறார். சில நாள் கையை ஓங்கிவிடுகிறேன், அப்புறம் அழுகிறேன். எனக்குக் கருணையே இல்லையா? (மண்டபம்)

இருக்கிறதம்மா. இல்லாதவருக்கு அழுகை வராது.

புத்த பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடந்தார். தன் சீடர் ஆனந்தரோடு அந்தப் பக்கம் வந்த புத்தர், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று கேட்டார். நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்யவில்லை என்றார் பிக்கு. புத்தர் உபதேசம் எதுவும் தொடங்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைமாட்டை அவரும் கால்மாட்டை ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். பிறகுதான் மற்ற பிக்குகளைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார்.

இதுவரை பலருக்குத் தெரியும். இதையடுத்து வருவதுதான் உங்களுக்கானது. எப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது கடினம் என்று புத்தர் ஐந்து அடையாளம் சொல்கிறார். உடம்புக்கு ஆகாததைச் செய்வார், ஆகிறதிலும் அளவு அறியமாட்டார், மருந்து சாப்பிடமாட்டார், என்ன செய்கிறது என்று உள்ளபடி சொல்லமாட்டார், வலி பொறுக்கமாட்டார். உங்கள் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேண்டிய குணங்களும் ஐந்து. மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்காமல் இருப்பது அதில் ஒன்று. அதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள்.

ஆனால் ஓங்கிய கை ஒருநாள் இறங்கிவிடும். கோபம் ஏறினால் உடனே வாசலுக்கு வந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது உங்கள் கணவரோ நாத்தனாரோ பார்க்கட்டும், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். புத்தரே தனியாகத் தூக்கவில்லை. கால்மாட்டில் ஓர் ஆள் இருந்தார்.

பாசமும் மைத்திரியும் ஒன்றுதானே? மகன் சவூதியில் இருக்கிறான். ஒருநாள் ஃபோன் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. (ஏர்வாடி)

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமார்க்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், மைத்திரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு, பக்கத்துப் பகை பற்று என்கிறார். வெறுப்பைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பற்று அன்பு மாதிரியே உடுத்திக்கொண்டு வரும். 'அவன் நன்றாக இருக்க வேண்டும்' என்பது மைத்திரி. 'அவன் நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தினமும் சொல்ல வேண்டும்' என்பதில் பற்று கலந்துவிட்டது. தாய்க்கு அது இல்லாமல் இராது, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை பேசும்போது, ஏன் கூப்பிடவில்லை என்று தொடங்காமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தொடங்கிப் பாருங்கள்.

டீச்சர், நான் நாட்டுப்படகு. இரவில் விரித்திருந்த வலையை ஒரு விசைப்படகு இழுத்து அறுத்துவிட்டது. படகுக்காரர் எங்கள் ஊர்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசையில் நிற்கிறார். அவரை மன்னிக்கச் சொல்வீர்களா? (பாம்பன்)

முதலில் வலைக்கு நஷ்ட ஈடு கேளுங்கள் தம்பி. சங்கத்தில் சொல்லுங்கள், ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். கருணை என்றால் வாயை மூடிக்கொண்டு நஷ்டத்தைச் சுமப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வலைக்கு வழி அது. கோபத்துக்கு வேறு வழி வேண்டும். பிறர்மேல் எறியலாம் என்று எரிகிற கொள்ளியைக் கையில் எடுத்தால் முதலில் சுடுவது தன் கையை என்கிறார் புத்தகோசர். இது எல்லோரும் சொல்வதுதான். அவரைப் பெரிய ஆசான் என்று நான் மதிப்பது, கோபம் போகாதவனை அவர் விட்டுவிடாததற்காக. இந்த யோசனை பலிக்கவில்லையா, அடுத்ததைச் செய் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார், அவர் தலைமுடி மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா என்று கேட்கிறார். அதிலும் தணியவில்லை என்றால், அவருக்கு ஒரு பொருளைக் கொடு, அவர் கொடுப்பதை வாங்கிக்கொள் என்கிறார். மனசு வராவிட்டாலும் கை முன்னே போகட்டும் என்பதுதான் இதன் அர்த்தமாக எனக்குப் படுகிறது. ஈடு கைக்கு வந்த பிறகு, நல்ல பாடு கிடைத்த ஒருநாள் நாலு மீனை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

மீன் பிடிப்பதே கொலை என்றால், கடல்காரனுக்குப் புத்தரிடம் இடம் உண்டா? (தொண்டி)

உயிரைக் கொல்லாமை பஞ்ச சீலம் என்கிற ஐந்து ஒழுக்கங்களில் முதலாவது. அதை உங்களுக்காக நான் மழுப்பிச் சொன்னால் அது மரியாதை ஆகாது. ஆனால் எண்ணத்தையே கர்மம் என்கிறேன் என்று சொன்னவரும் புத்தர்தான். பிள்ளைக்குச் சோறு போடக் கடலுக்குப் போகிறவனின் எண்ணமும் வெறுப்பில் கொல்கிறவனின் எண்ணமும் ஒரே எடை இல்லை. வலையில் மாட்டிய ஆமையையும் ஆவுளியாவையும் (கடற்பசு) வலையை அறுத்து விடுகிறீர்களே, சினை நண்டைத் திரும்பக் கடலில் போடுகிறீர்களே, அந்த இடத்தில் தொடங்குங்கள்.

நாங்கள் தொழுகை உள்ள குடும்பம். மைத்திரி தியானம் செய்யலாமா? எப்படி? (கீழக்கரை)

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. இதில் யாரையும் கும்பிடுவது இல்லை. அமைதியாக உட்கார்ந்து, நான் நலமாக இருக்க வேண்டும் என்று தன்னிடம் தொடங்க வேண்டும். அப்புறம் மதிப்புக்குரிய ஒருவர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியில்தான் பகையாளி. இறந்தவரை நினைத்துச் செய்யக் கூடாது என்பது விதி.

நடுவில் வரும் அந்தப் பொது ஆள்தான் எல்லோருக்கும் சிரமம். எனக்கும் வெகுநாள் அகப்படவில்லை. ஒரு காலை சின்னப்பாலம் கரையில், பாசி எடுக்கப் போகிற அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை முடிந்தது. வலது கைக்கு முடிச்சுப் போட இடது விரல்கள் மடங்கவில்லை. துணியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். பெயர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த இடத்தில் அவரைத்தான் வைத்திருக்கிறேன்.