சொந்த ஊரைவிட்டுத் தூரத்தில் வளரும் பிள்ளைகள் க்ளிங்கிட் நடனத்தை வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் க்ளிங்கிட் இல்லை. மதுரைக்காரன், சியாட்டிலில் வேலை. மனைவிதான் க்ளிங்கிட், அலாஸ்காவின் தென்கிழக்குக் கரைப் பக்கத்துப் பழங்குடி. "இதைப் பேச உனக்கென்ன தகுதி" என்று கமென்டில் கிளம்புகிறவர்கள் சிரமப்பட வேண்டாம், அதை வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தை மட்டும் பழக வீடியோ உதவும். நீங்களும் பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் பாட்டில்தான். அங்கே பாட்டு என்பது ஒரு குலத்தின் சொத்து, நம்மூரில் நிலத்துக்குப் பட்டா இருப்பது மாதிரி. அடுத்த குலத்தார் பாட வேண்டுமென்றால் கேட்டுத்தான் பாட வேண்டும். குலம் தாய்வழியில் வரும். அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பெரும்பிரிவு, பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மாதிரி ஒரே பிரிவுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்பது பழைய வழக்கம். என் மகள் அம்மாவைப் போல அண்டங்காக்கை. நான் இரண்டிலும் இல்லை.

மூன்று வருடம் முன்னால், மகள் எங்கள் நடனக் குழுவின் பயிற்சியில் ஆடியதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டேன். பெருமைதான், வேறென்ன. மறுநாள் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவிலிருந்து பெரிய மாமியார் போன் செய்தார். கத்தவெல்லாம் இல்லை. "அது யார் பாட்டுன்னு கேட்டீங்களா மாப்பிள்ளை?" அவ்வளவுதான். அது வேறொரு குலத்தின் பாட்டு, எங்கள் குழு ஆடிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தது, உலகத்துக்கே போட்டுக்காட்ட வாங்கவில்லை. மனைவி அதற்குமேல் ஒரு படி போய், "பயனியர் சதுக்கத்துக் கம்பம் மாதிரி பண்ணிட்ட" என்றாள். 1899இல் சியாட்டில் வியாபாரிகள் சிலர் டாங்கஸ் என்ற க்ளிங்கிட் கிராமத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு குலமரத்தை, அதாவது குலச்சின்னங்கள் செதுக்கிய கம்பத்தை, வெட்டித் தூக்கிவந்து இங்கே பயனியர் சதுக்கத்தில் நட்டார்கள். அந்தத் திருட்டோடு என்னை ஒப்பிட்டது கொஞ்சம் அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வீடியோவை எடுத்தேன், அந்தக் குலத்துப் பெரியவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அப்புறம் ஆடும்போது போர்த்திக்கொள்ளும் போர்வைக்குப் பொத்தான் தைக்க என்னை உட்காரவைத்தார்கள். கருநீலக் கம்பளி, சிவப்புக் கரை, முதுகில் குலச்சின்னம், அதைச் சுற்றி வரிசையாகச் சிப்பிப் பொத்தான்கள். எங்கள் குழு மேடைக்கு வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டுதான் வரும், ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே சின்னம் தெரிய வேண்டும் என்பதற்காக. பொத்தான் கோணினால் எல்லோருக்கும் தெரியும், நானே இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

இப்படி ஆடும் குழுக்கள் கூடுகிற விழா ஒன்று ஜூனோவில் உண்டு, 1982இல் தொடங்கியது, பெயரே 'செலிப்ரேஷன்'தான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூனில் நடக்கும். ஊருக்கு ரோடு கிடையாது, விமானம் இல்லையென்றால் கப்பல். போனமுறை விமான நிலையத்தில் தோல் மேளத்தை இசைக்கருவி என்றே ஒப்புக்கொள்ளாமல் தனிப் பெட்டிக்கான காசு பிடுங்கினார்கள், அதே வரிசையில் கோல்ஃப் மட்டைப் பையைச் சும்மா விட்டார்கள். மூன்று மெயில் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்புறம், அந்த வீடியோ இப்போது எங்கும் இல்லை. இன்பாக்ஸில் லிங்க் கேட்காதீர்கள்.