தெற்கே ஒரு சின்னக் கல்லூரி

கேள்வி: சிகாகோவில் பதினைந்து வருடமாக வசிக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். குளிர்காலம் வந்தாலே முடங்கிப் போகிறாள். அவள் பள்ளியில் மூவாயிரம் பேர். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். தெற்கே வெயில் ஊரில், பெரிய நகரத்தை விட்டுத் தள்ளி, சின்னக் கல்லூரியில் உயிரியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அங்கே போய்த் தனிமையில் வாடிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகள் தன்னைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பேராசிரியருக்குத் தன் பெயரே தெரியாமல் படிப்பதைவிட, இருபது பேர் வகுப்பில் தப்பும் தவறுமாகவாவது பேசிப் பழகுவது அவளுக்கு நல்லது. தடுக்காதீர்கள். ஆனால் உங்கள் பயமும் வீண் பயம் இல்லை. அதை வைத்துத்தான் கல்லூரியைத் தேட வேண்டும்.

முதலில் வெயில். தெற்கு என்றால் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. டென்னசியில் சிவானீ என்று சொல்லப்படும் யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத், கம்பர்லேண்ட் பீடபூமியின் மேல், சுமார் 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. மூடுபனிக்குப் பேர்போன இடம்; சில நாள் பனிப்பொழிவும் இருக்கும். ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடலோரத்தில் உள்ள எக்கர்ட் கல்லூரியில் கனத்த கோட்டுக்கு வேலை குறைவு. கடல்சார் அறிவியலில் நல்ல பெயர். ஆனால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம். முதல் பருவம் பெரும்பாலும் அதற்குள்தான் ஓடும். விடுதியைக் காலி செய்யச் சொன்னால் அவள் யார் வீட்டுக்குப் போவாள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

இனி தனிமை. சிற்றூரில் கல்லூரிதான் ஊர். அங்கே சனி, ஞாயிறு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவள் நிம்மதி. வெள்ளிக்கிழமை மாலை பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும் கல்லூரிகள் உண்டு. 'சூட்கேஸ் கேம்பஸ்' என்பார்கள். சிகாகோ பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 'காமன் டேட்டா செட்' என்று ஒரு அறிக்கையைப் பல கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடுகின்றன. எத்தனை சதவீதம் பேர் விடுதியில் தங்குகிறார்கள், எத்தனை பேர் வெளிமாநிலத்தவர், முதல் வருடம் முடித்து எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி எனும் ஆண், பெண் மாணவர் சங்கங்களில் சேர்வோர் எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். தென் மாநிலச் சின்னக் கல்லூரிகள் சிலவற்றில் வாரக்கடைசி முழுக்க அதைச் சுற்றியே நடக்கும். ஒதுங்கும் சுபாவமுள்ள பெண்ணுக்கு அது கஷ்டம். அப்புறம், கார் இல்லாமல் மருந்துக்கடைக்கும் விமான நிலையத்துக்கும் எப்படிப் போவது என்று கேளுங்கள். ஜார்ஜியாவில் பெரி கல்லூரி வளாகம் 27,000 ஏக்கர். காடும் மானும் அழகுதான், ஆனால் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது.

படிப்பு விஷயத்தில் மொத்தக் கல்லூரியைப் பார்க்காமல் உயிரியல் துறையைப் பாருங்கள். எத்தனை நிரந்தரப் பேராசிரியர்கள்? கையேட்டில் அச்சிட்ட பாடங்களில் எவை கடந்த இரண்டு வருடத்தில் உண்மையாகவே நடந்தன? சின்னத் துறையில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனாலே சில பாடங்கள் நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட்டில் ஐந்து சின்னக் கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தவர் மற்றவற்றிலும் பாடம் எடுக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது வட கரோலினாவின் டேவிட்சன். சுமார் இரண்டாயிரம் மாணவர்கள். வளாகத்தை விட்டு இறங்கினாலே ஊரின் கடைத்தெரு. சார்லட் நகரம் முப்பது கிலோமீட்டர் தூரத்தில். இந்த இரண்டிலும் இடம் கிடைப்பது கடினம், அதனால் இவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது: கல்லூரியின் பண நிலைமை. அலபாமாவில் 1856-இல் தொடங்கிய பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி பணமில்லாமல் 2024 மே 31-இல் மூடப்பட்டது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஐந்து வருடக் காமன் டேட்டா செட் அறிக்கைகளை வரிசையாக வைத்து, மாணவர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் சாக்ஸ்காக் அமைப்பு, சிக்கலில் உள்ளவற்றுக்குத் தரும் எச்சரிக்கையைப் பகிரங்கமாகவே வெளியிடுகிறது.

கட்டணத்தைப் பார்த்து மலைத்து எதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கல்லூரி இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும். உங்கள் வருமானத்தைப் போட்டால் உண்மையில் எவ்வளவு ஆகும் என்று ஓரளவு தெரியும்.

சரி, மூன்று நான்கு இடம் தேறியதும் நேரில் போங்கள். வழக்கமாக வார நாளில் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை போய், அவளை ஒரு உயிரியல் வகுப்பில் உட்காரவிட்டு, சனிக்கிழமை இரவு வரை அங்கேயே இருங்கள். ஏழு மணிக்கு உணவுக்கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அறைக்குத் திரும்பியதும் அவளாகப் பேசும் வரை நீங்கள் எதுவும் கேட்காதீர்கள்.