மண்ணைப் படிக்கப்போகும் மகளுக்குப் புள்ளியியல் எதற்கு?

சிவில் பொறியியல் முடித்த உங்கள் மகள், முதுநிலையில் மண் பொறியியலும் அதனோடு புள்ளியியலும் படிக்க விரும்புகிறார். இரண்டு படகில் கால் வைக்கிறாரோ என்று கேட்கிறீர்கள். ஐயா, அது ஒரே படகுதான்.

எஃகைக் கேட்ட தரத்தில் செய்து வாங்கலாம். மண்ணைக் கிடக்கிறபடிதான் ஏற்க வேண்டும். எவ்வளவு பெரிய மனையானாலும் சில இடங்களில்தான் துளையிட்டுப் பார்ப்பார்கள், மீதியெல்லாம் ஊகம். மண்ணின் அலகு எடை, அதாவது ஒரு கன மீட்டர் மண்ணின் எடை, அதிகம் மாறாது. அதன் மாறுபாட்டுக் கெழு (சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்ற அளவு) பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் அடங்கும். களிமண்ணின் வலிமையிலோ அது 40 சதவீதம் வரை போகும்.

இரண்டு மண்கரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பாதுகாப்புக் காரணி (மண்ணின் வலிமை, சரியவைக்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) சராசரியாக 1.5, திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 0.5. மற்றதற்கு 1.3, விலக்கம் 0.1. சராசரியை மட்டும் பார்ப்பவர் முதல் கரையைத்தான் நம்புவார். ஆனால் காரணி 1-க்குக் கீழே இறங்கினால் கரை சரியும். மணி வடிவ இயல்நிலைப் பரவலை வைத்துக் கணக்கிட்டால், முதல் கரைக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம், இரண்டாவதற்கு 0.13 சதவீதம், அதாவது சுமார் 740-இல் ஒன்று! கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். இந்தப் படிப்பின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்றால், அணை, சுரங்கப்பாதை, கடலில் நிறுவும் காற்றாலை என்று மண்ணின் நிச்சயமின்மை செலவையும் உயிரையும் தொடும் இடங்களிலெல்லாம் இந்தத் திறன் தேவைப்படுகிறது. ஐரோப்பாவின் மண் பொறியியல் வடிவமைப்புத் தரநிலையான யூரோகோடு 7, மண்ணின் சிறப்பு மதிப்பை, அதாவது வடிவமைப்புக்காக எச்சரிக்கையோடு எடுக்கும் மதிப்பை, புள்ளியியல் வழியில் தேர்ந்தெடுக்கவும் இடம் தருகிறது.

எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. சிலர் ஐந்து மாதிரிகளை வைத்துக்கொண்டு கணினியில் லட்சம் முறை மான்டி கார்லோ (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கிடும் முறை) ஓட்டுகிறார்கள். மாதிரி எடுத்தபோதே மண் கலைந்திருந்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும். ஆகவே மகள் முதலில் ஓராண்டாவது களத்தில் நின்று, துளையிலிருந்து வரும் மண்ணைக் கையால் பிசைந்து பார்த்துப் பதிவேடு எழுதட்டும். பைத்தான் நிரல்மொழியையும் பேயஸ் என்ற புள்ளியியல் முறையையும் மாலை நேரங்களில் கற்றுக்கொள்ளலாம். கரை எழும்ப எழும்ப அளக்கும் அமிழ்வைக் கொண்டு முந்தைய மதிப்பீட்டைத் திருத்த பேயஸ் முறை கைகொடுக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவர்களைத் துளையிடும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்களா என்று கேளுங்கள்.